வாய்தாவுக்கு வந்த புள்ளை

நீங்க வக்கீலுங்களா? இல்ல, கையில கறுப்புக் கோட்டு மடிச்சு வெச்சிருக்கறீங்களே, அதான் கேட்டேன். உக்காருங்க, இந்தப் பக்கம் எடம் இருக்குது. வெள்ளகோவில் போற வரைக்கும் இந்த பஸ்சு நின்னு நின்னுதான் போகும். உன்னைய நீன்னே சொல்லட்டுமா கண்ணு? என்ற தங்கச்சி மவளுக்கு உன்ற வயசுதான் இருக்கும்.

எனக்குக் கேஸு ஒன்னும் இல்லை. இருந்துச்சு, முடிஞ்சுபோச்சு. அதுவும் என்ற கேஸு இல்லை. எங்கூட்டுக்காரரு மேல போட்ட கேஸு. நான் சும்மா கூடப் போயிட்டு வந்தவ. ஆனாப் பாரு, கேஸு யாரு மேலயோ அவரே ரெண்டு மூனு தடவை காச்சல்னு வராம இருந்திருக்கறாரு. நான் ஒரு வாய்தா தவறுனதில்லை.

என்ற பேரு துளசிமணி. எங்களுக்குத் தறிப்பட்டறை. பெட்சீட்டும் துண்டும் ஓட்டறோம். எங்கூட்டுக்காரரு தங்கமானவரு. குடி கிடையாது, பீடி கிடையாது, என்னைய ஒரு நாளு கைநீட்டி அடிச்சதில்லை. இதை மொதல்லயே சொல்லிப்போடறேன். ஏன்னா இந்தக் கதையக் கேக்கறவங்கெல்லாம் அவரைத்தான் திட்டறாங்க. எனக்கு அது புடிக்கறதில்லை.

எங்களுக்குப் புள்ளை இல்லை. கல்யாணமாயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. கோயிலு, விரதம், நாட்டு மருந்து எல்லாம் எல்லாரும் பண்றதுதான், அதைச் சொல்லி உன்னைய எதுக்கு அலுப்புத்தட்ட வெக்கோணும். ஒன்னே ஒன்னு மட்டும் சொல்றேன். இதை நான் என்ற கூடப் பொறந்தவகிட்டக்கூடச் சொன்னதில்லை.

கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்டப் போயிருந்தேன். நான் மட்டும். என்னென்னமோ டெஸ்ட் எடுத்தாங்க. கடைசியில அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? "உங்ககிட்ட ஒரு குறையும் தெரியலைம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவரையும் பார்த்தரலாம்"னுச்சு. நான் வந்து சொன்னேன். "ஒரு நடை வாங்க, அந்தம்மா கூப்பிடுது"ன்னேன். சோறு தின்னுக்கிட்டிருந்தவரு தட்டத்துலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பாதிச் சோறு அப்படியே இருந்துச்சு.

எனக்கு அதுவே போதும். புரிஞ்சுபோச்சு. ஆம்பளைக்கு அது எத்தனை வெக்கம்! அதுக்கப்பறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கலை. எங்க மாமியா பேசாத பேச்சில்லை. சொந்தக்காரங்க ஒறம்பரையில ஒரு வளைகாப்புன்னா வளையல் தட்டம் என்னையத் தாண்டி அடுத்தவகிட்டப் போகும். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். "என்னையச் சொல்றீங்களே, உங்க பையனைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான்னு வெச்சுக்கோ. அவரு மானம் என்ற கையில இருக்குது, நான் பத்திரமா வெச்சிருக்கறேன்னு.

அப்பத்தான் கோகிலவாணி வந்தா. பட்டறையில நூலு சுத்தற வேலைக்கு. அம்மா செத்துப்போச்சு, அப்பன் எங்கயோ. சித்தி வூட்டுல இருந்துக்கிட்டு வருவா. இருவது இருவத்தொன்னு இருக்கும். நல்ல வேலைக்காரி. மத்தியானச் சோறு எங்கூட்டுலதான். நான்தான் போட்டேன். இன்னங் கொஞ்சம் போட்டுக்கன்னா, போதுங்கக்கான்னு தட்டத்து மேல கைய வெச்சு மறைச்சுக்குவா. அப்பறம் ஒரு நாளு வரலை. அடுத்த நாளும் வரலை. சித்திகிட்டக் கேட்டா, தாராபுரத்துல ஒறம்பரை வூட்டுக்குப் போயிட்டாள்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொல்லுச்சு. பனியன் கம்பெனியில சம்பளம் சேத்திக் குடுத்திருப்பாங்கன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். நன்றியில்லாத புள்ளைன்னு திட்டக்கூடத் திட்டுனேன்.

நாலு வருசம் கழிச்சு கோர்ட்டுல இருந்து சம்மன் வருது. அவ ஒரு பொம்பளப் புள்ளை பெத்திருக்கறாளாம். அதுக்கு எங்கூட்டுக்காரருதான் அப்பனாம். புள்ளைய வளக்க மாசாமாசம் பணம் குடுக்கோணுமாம்.

நான் சிரிச்சேன் கண்ணு. சத்தியமாச் சிரிப்புத்தான் வந்துச்சு.

அவரு கட்டல்ல உக்காந்துக்கிட்டு, "துளசி, நீ இதை நம்பறயா?"ன்னாரு.

"நான் எதுக்குங்க நம்போணும்? எனக்குத் தெரியாதுங்களா?"ன்னேன்.

அவரு என்ற மூஞ்சியவே பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. இவ நம்ம மேல எத்தனை நம்பிக்கை வெச்சிருக்கறாள்னு உருகிப் பார்க்கறாருன்னு நான் நெனைச்சேன்.

அப்படித்தான் மொத வாய்தாவுக்கு நானும் போனேன். அவரைத் தனியா உட மனசில்லை. அங்கதான் அந்தப் புள்ளையப் பார்த்தேன். ரக்சனான்னு பேரு. எனக்கு அது வாயில நொழையாது, ரச்சனாம்பேன். நாலு வயசு ஆகப்போகுது. கோர்ட்டு வராண்டாவுல படிக்கட்டு இருக்குதில்ல, அதுல ஏறி ஏறிக் குதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் அதோட மூஞ்சியக் கூர்ந்து பார்த்தேன். யாராட்டம் இருக்குதுன்னு. எங்க பட்டறையில மேஸ்திரி ஒருத்தன் இருந்தான், அவனாட்டமான்னு பார்த்தேன். நூல் மூட்டை கொண்டாற வேன்காரனாட்டமான்னு பார்த்தேன். அந்த வருசம் எங்ககிட்ட வேலை செஞ்ச ஒவ்வொருத்தன் மூஞ்சியா வெச்சுப் பார்த்தேன். எங்கூட்டுக்காரரு மூஞ்சிய மட்டும் வெச்சுப் பார்க்கலை. அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு.

நான் பார்க்கறதைப் பார்த்துட்டு அது எங்கிட்ட வந்துருச்சு.

"உங்களையும் கூப்பிடுவாங்களா?"

"இல்ல சாமி."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"



கோகிலவாணி ஓடியாந்து கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. ஆளு பாதியா எளைச்சிருந்தா. எனக்கு அவ மேல ஆத்திரந்தான். யாருகிட்டயோ ஏமாந்துட்டு, வசதியானவரு தலையில கட்டப் பார்க்கறாளேன்னு.

அடுத்த வாய்தாவுக்குப் போறப்ப பேக்கரியில ஒரு பன்னு வாங்கிட்டுப் போனேன். எனக்குச் சுகரு இருக்குது, நேரத்துக்குத் திங்காட்டி மயக்கம் வரும். அதுக்காக வாங்குனது. அதைப் பார்த்துட்டு அது வந்து பக்கத்துல உக்காந்துக்கிச்சு. பன்னு மேல சிவப்புச் சிவப்பா வெச்சிருப்பாங்களே, அதை மட்டும் நோண்டித் தின்னுப்போட்டு மிச்சத்தை எங்கிட்டயே குடுத்துருச்சு. எனக்கு பன்னே புடிக்காது. அதுக்கப்பறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெண்டு பன்னு.

உனக்குத்தான் தெரியுமே, வாய்தான்னா என்னன்னு. காலையில போவோணும். ஜட்ஜு லீவும்பாங்க, வக்கீலு வரலைம்பாங்க, அடுத்த மாசம் வாம்பாங்க. எல்லாரும் சலிச்சுக்குவாங்க. எங்கூட்டுக்காரரு பட்டறை கெடக்குதேன்னு மொணங்குவாரு. எனக்கு மட்டும் சலிப்பே வரலை. எனக்குப் பொறுமை சாஸ்தி, சின்னதுல இருந்தே அப்படித்தான். காலண்டர்ல அந்தத் தேதியச் சுழிச்சு வெச்சுக்குவேன், அவரு மறந்துருவாரேன்னு.

ஒரு நாளு கோகிலவாணியக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ணுனாங்க. அவளுக்குத் தொணைக்கு யாருமில்லை. புள்ளைய எங்க உடறதுன்னு சுத்திச் சுத்திப் பார்த்தா. பேரு கூப்பிட்டுட்டாங்க. நான் கைய நீட்டுனேன். ஒரு நிமிசம் நின்னா, அப்பறம் எங்கிட்ட உட்டுட்டு உள்ள போயிட்டா.

எங்க வக்கீலு கேட்ட கேள்வியெல்லாம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. பட்டறையில எத்தனை ஆம்பளைக வேலை செஞ்சாங்க? அவுங்க கூடெல்லாம் சிரிச்சுப் பேசுவியா? ராத்திரி ஷிப்டு பார்த்திருக்கறயா? யாரு கூட? உன்ற சித்தி எதுக்கு உன்னைய வூட்டை உட்டுத் தொரத்துச்சு? இப்படியே. அவ அழுவறதும் கேட்டுச்சு. அந்தாளுக்கு நாங்கதான் பீஸு குடுத்தோம்.

"அம்மாளை எதுக்குத் திட்டறாங்க?"ன்னுச்சு புள்ளை.

"திட்டலை சாமி. கேள்வி கேக்கறாங்க."

"அம்மாளுக்குப் பதில் தெரியலையா?"

என்னால அங்க உக்கார முடியலை. தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டேன். அங்க பத்திரம் டைப் அடிக்கறவரு ஒருத்தரு இருப்பாரு. அவரு மிசினுகிட்ட நிக்க வெச்சு, அது டக்கு டக்குன்னு அடிக்கறதைக் காட்டிக்கிட்டு நின்னேன். அப்படியே என்ற தோள்ல சாஞ்சு தூங்கிப்போச்சு. நல்ல கனம். தூங்கற புள்ளை அத்தனை கனம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் யாரைத் தூக்கியிருக்கறேன்?

கோகிலவாணி வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. புடுங்கிக்கிட்டுப் போவாள்னு நெனைச்சேன். "எறக்க வேண்டாங்கக்கா, முழிச்சுக்குவா"ன்னுட்டு எம் பக்கத்துலயே பெஞ்சுல உக்காந்துட்டா. மெதுவாச் சொன்னா, "அக்கா, நான் பொய் சொல்லலைங்க."

எனக்கும் மனசு எளகிப்போச்சு. "எனக்குத் தெரியும் சாமி. நீ சின்னப் புள்ளை. எவனோ உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டான். அந்த எவனோ யாருன்னு மட்டும் சொல்லிரு, நான் பேசறேன்"னேன்.

அவ என்னையப் பார்த்தா. அப்பறம் புள்ளைக்குச் சட்டைய இழுத்து உட்டுட்டு, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டா.

அப்பறந்தான் அந்த டெஸ்ட் பேச்சு வந்துச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்தா அப்பன் யாருன்னு தெரிஞ்சுரும்ங்கறாங்களே, அது. அதைக் கேட்டதே அவதான். "நான் சொன்னா யாரும் நம்பறதில்லைங்க, ரத்தத்தை எடுத்துப் பாருங்க"ன்னு ஜட்ஜுகிட்டச் சொன்னா. எங்க வக்கீலு கூடாதுன்னு எதுத்தாரு. எங்கூட்டுக்காரரும் வேண்டாம் வேண்டாம்னாரு. ராவெல்லாம் தூங்காமப் பொரண்டு பொரண்டு படுத்தாரு.

எனக்கு அவரு பயம் புரிஞ்சுது. ரத்தம் எடுத்தா அவரு குறை ஊருக்கே தெரிஞ்சுருமேன்னு பயப்படறாருன்னு நெனைச்சேன். பாவமா இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து சொன்னேன். "ஏனுங்க, பயப்படாதீங்க. நான் விசாரிச்சுட்டேன். புள்ளை யாருதுன்னு மட்டுந்தான் அதுல தெரியும். வேற ஒன்னும் தெரியாது. தெகிரியமாக் குடுங்க."

"வேற ஒன்னுன்னா?"

"ஒன்னுமில்லீங்க. நீங்க குடுங்க. நம்ம மேல தப்பில்லைன்னு தெரியட்டும்."

நான்தான் கண்ணு ஒத்துக்க வெச்சேன். வேற யாருமில்லை. நான்தான்.

ஆஸ்பத்திரியில மூனு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. அவருக்கு, கோகிலவாணிக்கு, அந்தப் புள்ளைக்கு. ஊசியப் பார்த்ததும் அது போட்ட கூப்பாடு இருக்குதே! கோகிலவாணி ஒருத்தியால புடிக்க முடியலை. "அப்பா யாரு? வந்து காலப் புடிங்க"ன்னு நர்சம்மா அதட்டுச்சு. அந்தம்மாளுக்கென்ன தெரியும், அதைத்தான் கண்டுபுடிக்க வந்திருக்கறோம்னு. எங்கூட்டுக்காரரு செவுத்தப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. நான் போய்ப் புடிச்சேன். காலு ரெண்டும் என்ற கைக்குள்ள இருந்துச்சு. ஒதைச்சுது. ஒதைக்க ஒதைக்க எனக்கு அழுவாச்சி வந்துருச்சு. அடப் பாவமே, இத்தனை வலிய வாங்கிக்கிட்டு உனக்குக் கெடைக்கப்போறது அப்பன் இல்லைங்கற பேருதானேன்னு.

அப்ப எனக்கு ஒரு ரோசனை இருந்துச்சு. உங்கிட்டச் சொன்னா என்ன. ரிசல்ட்டு வரும். அவரு அப்பன் இல்லைன்னு ஆயிரும். கோகிலவாணிக்கு அப்பறம் எந்த மூஞ்சியோட கேஸு நடத்த முடியும்? ஒத்தப் பொம்பளை, வேலைக்குப் போவோணும், இன்னொரு கல்யாணங்கூட ஆவலாம். அப்ப நான் போய்க் கேக்கலாம்னு. புள்ளைய எங்ககிட்டக் குடு, நாங்க வளக்கறோம், நீ எப்ப வேணாலும் வந்து பாருன்னு. எங்கூட்டுக்காரரு ஒத்துக்குவாரு, பேரு கெடாமக் காப்பாத்துனதே நான்தானே. அவருக்குத் தத்து எடுக்கறதுல முன்ன விருப்பமில்லை. தெரிஞ்ச புள்ளைன்னா சரிம்பாரு.

நூல் மூட்டை போட்டு வெச்சிருந்த சின்ன ரூமு ஒன்னு இருந்துச்சு. அதை ஒழிச்சு வெள்ளையடிச்சேன். பூச்சி அண்டியிருந்துச்சு, அதுக்காகத்தான்.

ரிசல்ட்டு வந்த அன்னிக்கு நான் உள்ளயே போய் நின்னுக்கிட்டேன். ஜட்ஜு இங்கிலீசுல படிச்சாரு. அப்பறம் தமிழ்ல சொன்னாரு. எங்கூட்டுக்காரரு பேரைச் சொல்லி, இந்தக் கொழந்தைக்கு இவருதான் தகப்பனாருன்னாரு. சந்தேகத்துக்கு எடமே இல்லைன்னாரு.

எனக்கு மொதல்ல புரியலை. எங்க வக்கீலுகிட்ட, "தப்பா எழுதியிருக்குதுங்க, சரியாப் பார்க்கச் சொல்லுங்க"ன்னேன். அந்தாளு என்னையப் பார்க்காம பைலைக் கட்டுனாரு. நான் எங்கூட்டுக்காரரைப் பார்த்தேன். அவரு குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு. ஆச்சரியப்பட்ட மூஞ்சி இல்லை கண்ணு அது. ஆச்சரியப்படாத மூஞ்சி.

கோகிலவாணி அழுவலை, சிரிக்கலை. புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. அது என்னையப் பார்த்துக் கைய ஆட்டுச்சு. பன்னு எங்கன்னு கேக்குது. பையில இருந்துச்சு. எடுத்துக் குடுக்க எனக்குக் கை வரலை. வூட்டுக்கு வந்து பார்த்தா பையில நசுங்கிக் கெடக்குது.

வூட்டுல கதவச் சாத்திக்கிட்டுக் கேட்டேன். அந்தப் புள்ளையப் பத்திக் கேக்கலை. "உங்களுக்குக் குறை இருக்குதில்லைங்களா?"ன்னு கேட்டேன்.

"எனக்கா?"ன்னாரு.

"நான் டாக்டர்கிட்டக் கூப்பிட்டப்ப எந்திரிச்சுப் போனீங்களே."

அவரு கட்டல்ல உக்காந்தாரு. அப்பறம் சொன்னாரு. "அடுத்த வாரமே நான் தனியாப் போய்ப் பார்த்தேன் துளசி. ஈரோட்டுல. எனக்கு ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

"அதை எதுக்குங்க எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா உனக்குத்தான் குறைன்னு ஆயிருமில்ல. நீ தாங்க மாட்டீன்னு நெனைச்சேன்."

"எனக்கும் ஒன்னுமில்லைன்னாங்களே! அதைச் சொல்லித்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

"நீ அப்படிச் சொல்லலை. அந்தம்மா கூப்பிடுதுன்னு மட்டுந்தான் சொன்னே."

அப்படியா சொன்னேன்? ரோசனை பண்ணிப் பார்க்கறேன், எனக்கு நெனப்பு வரலை. அவரு எனக்காகப் பாவம் பார்த்திருக்கறாரு, நான் அவருக்காகப் பாவம் பார்த்திருக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒன்னுமில்லை. இப்படியே வயசு போயிருச்சு.

"எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு ரத்தங் குடுத்தீங்க?"ன்னேன்.

"நீ அத்தனை உறுதியா இருந்தே. குடுக்க மாட்டேன்னா நீ சந்தேகப்படுவியேன்னு பயந்துட்டேன்"னாரு.

கோகிலவாணிகிட்ட எதுக்குப் போனீங்கன்னும் ஒரு தடவை கேட்டேன். நான் ரெண்டாந்தடவை கேக்கலை. அவரு அழுதாரு. நான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். என்ன இருந்தாலும் அவரும் பாவந்தான்.

எல்லாரும் என்னையக் கேக்கறாங்க, உனக்கு ஆத்திரமே வரலையா துளசின்னு. என்ற தங்கச்சி, எங்கூட்டுக்கு வந்துரு அக்கான்னா. எனக்கு ஆத்திரம் வந்த எடம் வேற கண்ணு. அவரு புள்ளையா இல்லாம இருந்திருந்தா அது எனக்குக் கெடைச்சிருக்கும். அவரு புள்ளைன்னு ஆயிட்டதால எனக்கு இல்லாமப் போச்சு. இது எந்த ஊர் நாயம் சொல்லு?

கேஸு முடிஞ்சுது. இப்ப பேங்குல இருந்து மாசாமாசம் தானாவே போயிருது. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. வாய்தாவும் இல்லை. அந்த ரூமுல மறுபடியும் நூல் மூட்டை போட்டாச்சு.

ஒரு மாசம் பொறுத்தேன். ரெண்டு மாசம் பொறுத்தேன். தீவாளிக்குத் தள்ளுபடியில ஒரு கவுனு நல்லாருந்துச்சுன்னு வாங்கிக்கிட்டுத் தாராபுரம் போனேன். கோகிலவாணி வாசல்லயே நிறுத்திட்டா. மரியாதையாத்தான் பேசுனா.

"அக்கா, நீங்க எனக்குச் சோறு போட்டவங்க. உங்களை நான் குத்தமாச் சொல்லலை. ஆனா வராதீங்க. இப்பத்தான் ஊர் வாய் அடங்கியிருக்குது. அவுங்கப்பா பொண்டாட்டி வந்துட்டுப் போறாங்கன்னா மறுபடியும் கெளம்பும். நாளைக்கு இவளே, இவங்க யாரும்மான்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

உள்ள அது யாருகிட்டயோ வெளையாடிச் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. என்னைய அது பார்க்கலை. கவுனை மட்டும் வாங்கிக்கிட்டா. "அளவு சரியா இருக்குமுங்க"ன்னா, பிரிச்சுக்கூடப் பார்க்காம.

எங்க வக்கீலுகிட்டயும் போய்க் கேட்டேன். புள்ளையப் பார்க்கறதுக்குச் சட்டத்துல எதாச்சும் வழி இருக்குதுங்களான்னு. அப்பன் மனுப் போடலாம், அப்பனுக்கு உரிமை இருக்குதுன்னாரு. எனக்கு? உங்களுக்கு எப்படிங்கம்மான்னு சிரிச்சாரு. எங்கூட்டுக்காரரு மனுப் போடமாட்டாரு. "பணங் கட்டறேன், அதுக்கு மேல அதைப் பார்க்கற மூஞ்சி எனக்கில்லை துளசி"ங்கறாரு. அதுவும் ஒரு நாயந்தானே.

இப்ப எங்க போயிட்டு வாரேங்கறயா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வாரம் கோகிலவாணி போன் பண்ணுனா. புள்ளைய ஒன்னாவதுல சேர்க்கோணும், அப்பா ஆதார் நகல் கேக்கறாங்க, அனுப்பி உடுங்கக்கான்னா. எங்கூட்டுக்காரரு எடுத்துக் கட்டல்ல வெச்சுட்டுப் பட்டறைக்குப் போயிட்டாரு. போன்லயே போட்டோ எடுத்து அனுப்பலாம்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க. அது தெளிவா இருக்காது, நான் நேர்லயே குடுத்துட்டு வந்தரேன்னுட்டேன். காலையில மொத பஸ்சுக்கே கெளம்பிட்டேன்.

பள்ளிக்கூடத்துலயே நின்னுக்கிட்டிருந்தாங்க ரெண்டு பேரும். வளந்துருச்சு கண்ணு. முன்னால பல்லு ரெண்டும் விழுந்திருக்குது. என்னையப் பார்த்துச்சு, உடனே அடையாளந் தெரியலை. அப்பறம் கிட்ட வந்து என்ற பையத் தொறந்து உள்ள பார்த்துச்சு.

அந்தப் பள்ளிக்கூடத்து சாரு ஒவ்வொன்னாக் கேட்டு எழுதறாரு. அம்மா பேரு. அப்பா பேரு. இப்ப அதெல்லாம் டக்கு டக்குன்னு சொல்றா கோகிலவாணி. கோர்ட்டே எழுதிக் குடுத்த பேரு, எதுக்குப் பயப்படோணும்? அப்பறம் அவரு கேட்டாரு. "அவசரத்துக்கு இன்னொரு ஆளு பேரு வேணும்மா. நீங்க கம்பெனிக்குப் போயிட்டா, கொழந்தைக்குக் காச்சல் கீச்சல்னா யாரைக் கூப்பிடறது? அப்பா வருவாரா?"

"வரமாட்டாருங்க."

"வேற யாரு?"

வேற யாரு இருக்கறாங்க அவளுக்கு? அந்த சாரு என்னையப் பார்த்தாரு.

"நீங்க கொழந்தைக்கு என்ன வேணுமுங்க?"

நான் ஆதார் நகலை மடிச்சேன், பிரிச்சேன். என்ன வேணும்னு சொல்றது? அவுங்கப்பா சம்சாரம்னு சொல்லலாம், அதுதான் நெசம். சொன்னா அந்த ரூமுல இருக்கறவங்கெல்லாம் கோகிலவாணியத் திரும்பிப் பார்ப்பாங்க.

அப்ப அவதான் சொன்னா. என்ற பக்கம் திரும்பாமயே சொன்னா. "கொழந்தைக்கு அத்தைங்க."

"அப்பா கூடப் பொறந்தவங்களா?"ன்னு அவரு எங்கிட்டக் கேக்கறாரு.

ஒரு நிமிசந்தான் கண்ணு. என்ற கழுத்துல இருக்கற தாலி எங்கூட்டுக்காரரு கட்டுனது. இத்தனை வருசம் அந்த வூட்டுல எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருந்தது பொண்டாட்டிங்கற அந்த ஒரு பேருக்குத்தான்.

"ஆமாங்க சார். கூடப் பொறந்தவதான்"னேன்.

எழுதிக்கிட்டாரு. என்ற பேரு, போன் நம்பரு, எதுக்க அத்தைன்னு. கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். ரச்சனா எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு, எது உங்க பேரு, எது உங்க பேருன்னு கேட்டுச்சு. காட்டுனேன்.

அதைத்தான் உன்னையக் கேக்கலாம்னு இருந்தேன். கட்டுன பொண்டாட்டி கூடப் பொறந்தவன்னு கையெழுத்துப் போட்டா தப்புத்தானே? நாளைக்கு யாராச்சும் கண்டுபுடிச்சாங்கன்னா என்ன ஆகும்? என்னைய என்ன பண்ணுவாங்கன்னு கேக்கலை கண்ணு. என்னைய என்ன வேணாப் பண்ணிக்கட்டும். அந்தப் பேரை அடிச்சுருவாங்களா?